கானாவுக்கு முதல் பயணம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கானாவின் தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே உள்ள துறைமுக நகரமான தேமாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நாட்களில் ஊரிலிருந்து வந்த நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. அவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். மலிவாகக் கிடைத்தது என்று முதலில் டிக்கெட்டை வாங்கிவிடுவார்கள். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு இடம் கிடைக்காது, ஊசி இல்லாததால் விசா நகராது, கடைசியில் டிக்கெட்டை மாற்றுவதற்கு மலிவில் மிச்சம் பிடித்ததைப் போல் இரண்டு மடங்கு போகும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விசா பகுதி மட்டும் வேறுபடும்.

மொத்த வேலைக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

கானாவின் தென்பகுதியில், அதாவது கடற்கரை முழுக்க, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். பெரியது ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை போகும், ஜூனில் கொட்டும். சின்னது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். இடையில் ஆகஸ்டில் மழை ஓய்ந்து, வெயிலும் தணிந்திருக்கும். வடக்கில் ஒரே மழைக்காலம்தான், ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு வரும். உதடு வெடிக்கும், தொலைவில் உள்ள எதுவும் தெளிவாகத் தெரியாது. பாலாடை போட்ட மாதிரி ஒரு வானம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

'டிசம்பரில்தான் கொண்டாட்டம்' என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். வெளிநாடுகளில் வாழும் கானா மக்கள் எல்லோரும் அப்போதுதான் ஊர் திரும்புகிறார்கள். அதனாலேயே அக்ராவில் அறை வாடகை எகிறும், சாலை நகராது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. புழுதி குறைந்திருக்கும், மழை வந்திருக்காது. புழுக்கம் உண்டு, சென்னை மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

2. மஞ்சள் காய்ச்சல் ஊசி

மாதம் முடிவானதும் அடுத்த வேலை இது. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட யாரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. விசா விண்ணப்பத்திலும் அதன் நகல் கேட்பார்கள். ஊசி இரண்டாவது வேலையாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

எல்லா மருத்துவமனையிலும் இதைப் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு வேண்டியிருக்கும். தென் மாவட்டங்களில் இருப்பவர்கள் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, அறுபது வயதுக்கு மேல் என இதில் ஏதாவது பொருந்தினால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு போட்டுக்கொண்டால் ஊசி போட்டும் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2016இல் விதி மாறிவிட்டது. அதற்கு முந்தைய அட்டையில் பத்தாண்டு என்று அச்சடித்திருந்தாலும் இப்போது அது ஆயுளுக்கும் செல்லும்.

நம் ஊர்ப் பெயர்களால் இங்கே ஒரு சிக்கல் வரும். மையத்தில் பெயரைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் 'கே. முருகன்' என்று சொல்லிவிடுவோம். பாஸ்போர்ட்டில் முருகன் கந்தசாமி என்று இருக்கும். அட்டையில் இருப்பதும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும்தான். அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு நகருங்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் இன்னொரு நாள் வேலை.

3. ஊர்களை முடிவு செய்வது

விசாவுக்கு எங்கே தங்கப்போகிறீர்கள் என்று காட்ட வேண்டும். அதனால் பாதை விசாவுக்கு முன் வருகிறது.

வரைபடத்தில் கானா சின்னதாகத் தெரியும். அதை நம்பி அக்ரா, கேப் கோஸ்ட், குமாசி, மோலே தேசியப் பூங்கா, வோல்ட்டா அருவிகள் எல்லாவற்றையும் எட்டு நாளில் அடைக்கப் பார்ப்பார்கள். அக்ராவிலிருந்து வடக்கே தமலே சுமார் 600 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு முழுப் பகல் போதாது. அக்ராவை விட்டு வெளியேறவே சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும்.

பத்து நாளுக்கு நான் சொல்வது ஒரு முக்கோணம். அக்ராவில் இரண்டு இரவு. அங்கிருந்து மேற்கே சுமார் 145 கிலோமீட்டரில் கேப் கோஸ்ட், அங்கே மூன்று இரவு. பிறகு வடக்கே குமாசியில் மூன்று இரவு. கடைசி இரவு மறுபடி அக்ரா. கேப் கோஸ்ட்டிலிருந்து குமாசிக்கு நேர்ச் சாலை இருக்கிறது, அக்ராவுக்குத் திரும்பி வந்து போக வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரியாமல் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

கேப் கோஸ்ட்டுக்கு மூன்று இரவு ஏன் என்றால், அங்கே பார்க்க வேண்டியவை அவசரத்தில் பார்க்கக் கூடியவை அல்ல. அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதர்களை அடைத்து வைத்து, கப்பலேற்றிய கோட்டை ஊருக்குள்ளேயே கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் எல்மினாவில் போர்ச்சுகீசியர் 1482இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நிலவறையிலிருந்து வெளியே வந்த பிறகு இன்னொரு நிலவறைக்குள் போக மனம் இடம் தராது. நடுவில் ஒரு நாள் காகும் (Kakum) என்ற தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். மர உச்சிகளுக்கு நடுவே ஏழு கயிற்றுப் பாலங்கள், மொத்தம் 350 மீட்டர் நீளம். காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சனிக்கிழமையில் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள், பாலத்தில் வரிசை நகராது.

கிழமைகளையும் பாருங்கள். கடலோரத்தில் கா, ஃபான்டே இன மீனவர்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை, அது கடலுக்கு ஓய்வு நாள். படகுகள் கரையில் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் செவ்வாய். எல்மினா துறைமுகத்தில் மீன் வந்து இறங்கும் அமளியைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள். குமாசியில் ஞாயிறன்று கெஜேத்தியா சந்தை பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அசாந்தி மன்னரின் மன்ஹியா அரண்மனையில் அக்வாசிடே என்ற விழா நடக்கும். உங்கள் தேதிகளுக்குள் அது வந்தால் முக்கோணத்தைத் திருப்பிப் போட்டாவது அங்கே இருங்கள்.

வடக்கு எல்லையோரம், குறிப்பாக பாவ்கு பகுதியில், நீண்ட நாளாக மோதல் உண்டு. முதல் பயணத்தில் அந்தப் பக்கம் வேண்டாம்.

4. விசா

டெல்லியில் உள்ள கானா தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம், புகைப்படம், ஊசிச் சான்றிதழின் நகல், வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடப் பதிவு அல்லது அங்கிருப்பவரின் அழைப்புக் கடிதம், விமானப் பதிவு ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. கட்டணமும் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகம் சொல்வதை மட்டும் நம்புங்கள். போன வருடம் போய் வந்த அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள்.

விமானப் பதிவு என்றால் பணம் கட்டிய டிக்கெட் ஆக வேண்டியதில்லை. பயண முகவரிடம் கேட்டால் சில நாளுக்குப் பிடித்து வைத்த பதிவைத் தருவார். தங்குமிடத்தையும் கட்டணமின்றி ரத்து செய்யக் கூடியதாகப் பாருங்கள்.

ஒற்றை நுழைவு விசாவின் கெடு வழக்கமாக வழங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அதனால் ஆறு மாதம் முன்பே வாங்கி வைப்பதும் தவறு. பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு விண்ணப்பித்தால் போதும்.

இன்னொரு பொறி. கிழக்கு எல்லையில் அஃப்லாவ் என்ற ஊரைத் தாண்டினால் டோகோவின் தலைநகர் லோமே. 'இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, ஒரு நாள் போய்விட்டு வரலாம்' என்று தோன்றும். டோகோவுக்குத் தனி விசா வேண்டும். அதோடு ஒற்றை நுழைவு விசாவில் வெளியே போனால் கானாவுக்குள் திரும்ப வர முடியாது. அறையில் பெட்டியை வைத்துவிட்டு எல்லைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல வேளையாக இந்தப் பக்க அதிகாரியே கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

5. டிக்கெட்

விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகப் போவது வழக்கம்.

பகலில் அக்ராவில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். புது ஊரில் முதல் டாக்ஸி பேரத்தை இருட்டில் நடத்த வேண்டாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், டிக்கெட்டில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

6. மலேரியா மாத்திரை

'நம்ம ஊரில் இல்லாத மலேரியாவா?' இதைச் சொன்ன பலரையும் எனக்குத் தெரியும், அதில் இரண்டு பேரை மருத்துவமனையில் பார்த்தேன். கானாவில் ஆண்டு முழுக்க, நாடு முழுக்க மலேரியா உண்டு. அங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கி உயிரை எடுக்கக் கூடியது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்ததால் உடலில் எந்தப் பாதுகாப்பும் சேர்ந்திருக்காது.

எந்த மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் நாள் கணக்கை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள். டாக்சிசைக்ளின் என்றாலும் முன்பு அதே கணக்கு, திரும்பிய பின் நான்கு வாரம். ஊருக்கு வந்ததும் 'முடிஞ்சுது' என்று நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்துக்கு வரும்போது அங்கே மருந்து இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் நாட்கள்.

மாத்திரை போட்டாலும் மாலையில் முழுக்கை, கொசு விரட்டி, வலை உண்டு. திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், கானா போய் வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

7. பணம்

கானாவின் பணம் சீடி. அக்கான் மொழியில் சோழிக்கு உள்ள பெயரிலிருந்து வந்தது, ஒரு காலத்தில் அங்கே சோழிதான் பணம். நூறு பெசெவா ஒரு சீடி. நம் ஊர்ப் பணமாற்றுக் கடைகளில் சீடி கிடைக்காது, டாலராக எடுத்துப் போய் அங்கே மாற்ற வேண்டும்.

வாங்கும்போதே மடிப்பும் கிறுக்கலும் இல்லாத புது நூறு டாலர் நோட்டாகக் கேளுங்கள். அக்ராவின் பணமாற்றுக் கடைகளில் சின்ன நோட்டுக்கும் பழைய நோட்டுக்கும் குறைந்த விலை தருவார்கள், கிழிந்ததை வாங்கவே மாட்டார்கள். தெருவில் நின்று கூப்பிடுகிறவரிடம் மாற்றாதீர்கள். சீடியின் மதிப்பு சட்டென்று ஏறி இறங்கக் கூடியது, மொத்தத்தையும் முதல் நாளே மாற்றாமல் மூன்று தவணையாக மாற்றுங்கள்.

ஏடிஎம்மில் விசா அட்டை எல்லா இடத்திலும் எடுக்கும், மாஸ்டர்கார்டு சில இடங்களில், ரூபே மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போன பிறகு ஓடிபி வராமல் தவிப்பது ஒரு தனிக் கதை.

அங்குள்ள மக்கள் கைபேசிப் பணத்தில் வாழ்கிறார்கள். மோமோ என்பார்கள். இளநீர்க்காரரும் மோமோ வாங்குவார். பத்து நாள் பயணிக்கு அது கட்டாயமில்லை, ஆனால் ஐந்து, பத்து, இருபது சீடி நோட்டுகள் எப்போதும் சட்டைப் பையில் வேண்டும். இருநூறை நீட்டினால் சில்லறை இல்லை என்பதுதான் பதில்.

8. பையில் என்ன

ஊசி அட்டை கைப்பையில், பெட்டியில் அல்ல. பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே அதைக் கேட்பார்கள்.

சுவரில் பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரி மூன்று சதுரக் கால் பிளக். நம் உருண்டைக் கால் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும், மின்னழுத்தம் ஒன்றுதான். மின்வெட்டுக்கு அங்கே 'தும்சோர்' என்று தனிச் சொல்லே இருக்கிறது, ஆகவே பவர் பேங்க். ராணுவ உடை போல் புள்ளி போட்ட சட்டை, கால்சட்டை, தொப்பி எதுவும் வேண்டாம். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

9. இறங்கும் நாள்

வரிசை இப்படி இருக்கும்: ஊசி அட்டை, குடிவரவு, பெட்டி, சுங்கம். குடிவரவில் தங்கும் முகவரியும் ஒரு உள்ளூர் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிடலாம், காகிதத்தில் எழுதி வையுங்கள்.

முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று எத்தனை நாள் என்று பாருங்கள். விசாவின் கெடு வேறு, தங்க அனுமதித்த நாள் வேறு. விசாவில் மூன்று மாதம் என்று இருந்ததே என்று முப்பது நாள் முத்திரையோடு நாற்பது நாள் இருந்தால், திரும்பும்போது அபராதம்.

வெளியே வந்ததும் ஒருவர் அன்பாகப் பெட்டியைத் தூக்குவார். அவருக்குக் காசு தர வேண்டியிருக்கும், வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே உடனே சொல்லிவிடுங்கள். நிலையத்திலேயே கொஞ்சம் பணம் மாற்றி, பாஸ்போர்ட் காட்டி ஒரு சிம் வாங்குங்கள். பிறகு போல்ட் அல்லது ஊபர் செயலியில் வண்டி. ஓட்டுநர் கட்டாயம் போன் செய்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார். தெருப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் உள்ள பெட்ரோல் பங்க்கையோ தேவாலயத்தையோ சொல்லுங்கள்.

முதல் நாள் சாலையைக் கடக்கும்போது கவனம். வண்டிகள் வலப்பக்கமாக ஓடும், 1974 வரை அவர்களும் நம்மைப் போல் இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். நம் கழுத்து பழக்கத்தில் வலது பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கத்திலிருந்து வரும்.

10. ஊர் விட்டு ஊர்

நகருக்குள் ட்ரோட்ரோ என்ற பழைய வேன்கள்தான் மக்களின் பேருந்து. 'மேட்' என்று அழைக்கப்படும் நடத்துநர் கதவில் தொங்கியபடி 'சர்க் சர்க் சர்க்' என்று கத்தினால் வண்டி சர்க்கிள் சந்திப்புக்குப் போகிறது. கால அட்டவணை கிடையாது, நிரம்பினால்தான் கிளம்பும். பாதி நிரம்பிய வண்டியில் ஏறுங்கள், காலி வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரம் உள்ளே வேக வேண்டியதுதான்.

ஊர் விட்டு ஊர் போக எஸ்டிசி அல்லது விஐபி பேருந்து. குளிர்சாதனத்தை வேண்டுமளவுக்கு மேல் வைப்பார்கள், ஒரு துண்டு கையில் இருக்கட்டும். இரவுப் பயணம் வேண்டாம். வெளிச்சமில்லாத சாலையில் பழுதான லாரிகள் நிற்கும். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும், அக்ராவை விட்டு வெளியேற அதுவே நல்ல நேரம். சனிக்கிழமை குமாசிப் பக்கம் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டங்களைப் பார்ப்பீர்கள். அவை இறுதிச் சடங்குகள், அறைகளும் அன்று நிரம்பிவிடும்.

11. சாப்பாடு

காரம் நமக்குப் போதுமானதாகவே இருக்கும். வாச்சே என்பது அரிசியும் காராமணியும் சோள இலையோடு சேர்த்து வேகவைத்தது. இலையில் மடித்துத் தருவார்கள். காலையிலேயே தீர்ந்துவிடும், அதனால் வரிசை நீண்ட கடையில் நில்லுங்கள், அங்கேதான் சூடாக இருக்கும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் வரும். 'மீனும் வேண்டாம்' என்றால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பு வரும். ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் உலர்ந்த இறாலும் மீனும் அரைத்திருக்கும். ஓரளவு நம்பக் கூடியது ரெட் ரெட், பனை எண்ணெயில் செய்த காராமணிக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும். அதிலும் மீன் தூள் போட்டதா என்று கேட்டே வாங்குங்கள். கெலெவெலே என்ற காரம் தடவிய பொரித்த வாழைப்பழம் மாலைச் சிற்றுண்டி. கண்டிப்பான சைவர் என்றால் பொடி, அவல், சின்ன மின்கெட்டில் கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம்.

குடிக்க மூடிய புட்டித் தண்ணீர். தெருவில் விற்கும் அரை லிட்டர் பாக்கெட்டை 'ப்யூர் வாட்டர்' என்பார்கள், எல்லோரும் குடிக்கிறார்கள், முதல் வாரம் நீங்கள் தள்ளியிருங்கள்.

12. பேச்சும் பழக்கமும்

கேள்வி கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லுங்கள். கடைக்காரரிடம் எடுத்ததும் விலை கேட்பது அங்கே முரட்டுத்தனம். இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ காட்டவோ கூடாது, இதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வலது கையில் கைபேசி இருக்கும்போது இடது கையால் பணம் நீட்டுவது தன்னை அறியாமல் நடக்கும்.

ஒருவர் 'ஐயாம் கமிங்' என்று சொல்லிவிட்டு எதிர்த் திசையில் நடந்து போவார். குழம்ப வேண்டாம். நாம் 'வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லையா, அதேதான்.

நீங்கள் பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள். அக்கான் மக்களுக்குப் பிறந்த கிழமையே பெயர். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, சனி என்றால் குவாமே. பெண்ணாக இருந்தால் வெள்ளிக்கு அஃபியா, சனிக்கு அமா. பெயர் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள், பேரம் பாதி முடிந்தது.

மனிதர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ராணுவ இடங்கள், அதிபர் மாளிகை, விமான நிலையம் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். கடலில் இறங்குவதும் அப்படித்தான்: கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலமானது, உள்ளூர்க்காரர் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்க வேண்டாம்.

13. திரும்பும்போது

சீடியைச் செலவழித்துவிடுங்கள், இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். ஊசி அட்டையை இப்போதும் கைப்பையிலேயே வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வருகிறவரிடம் இங்குள்ள விமான நிலைய சுகாதார அதிகாரிகளும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வேலை முடிந்தது என்று அட்டையைப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டி துபாயிலேயே தங்கிவிட்ட ஒருவருக்காகச் சென்னை விமான நிலைய வாசலில் அரை நாள் காத்திருந்தேன். அவர் கைபேசியில் அட்டையின் படம் இருந்தது, அசல்தான் வேண்டும் என்றார்கள்.